நள்ளிரவில் எழுந்து வந்தால் கூத்து எப்படிப் பிடிபடும்?

கேள்வி: கணவருக்கு செய்யாறு சிப்காட்டில் வேலை கிடைத்ததால் கோவையிலிருந்து இங்கே குடிவந்தோம். "சுற்றுவட்டாரம் பூராவும் தெருக்கூத்து நடக்கும், போய்ப் பாருங்கள்" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். சித்திரையில் ஒரு கிராமத்துக்குப் போனோம். இரவு 9 மணி என்று நோட்டீஸில் இருந்தது, பத்தரைக்குத்தான் தொடங்கினார்கள். கோமாளி மாதிரி ஒருவர் வந்து வெகுநேரம் பேசினார். பாட்டு ஒன்றும் விளங்கவில்லை. ஸ்பீக்கர் சத்தம் காதைப் பிளந்தது. ஒரு வேடம் திரைக்குப் பின்னாலிருந்து வந்ததைப் பார்த்துவிட்டு 12 மணிக்கு எழுந்து வந்துவிட்டோம். ஆனால் 11 வயது மகள் அன்றிலிருந்து துண்டைத் திரையாகப் பிடித்துக்கொண்டு வீட்டில் ஆடுகிறாள், கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாள். பள்ளி நாட்களில் நானும் பாடுவேன். கூத்தை ஒழுங்காகப் பார்ப்பது எப்படி? பெண் பிள்ளைக்கும், வெளியூர்க்காரியான எனக்கும் கற்றுத்தருவார்களா?
- செய்யாறிலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கூத்து சூடுபிடிக்கிற நேரத்தில் நீங்கள் வண்டியைக் கிளப்பியிருக்கிறீர்கள். நகரத்திலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான். பத்து மணிக்குப் போய் நடுநிசியில் திரும்பினால் கட்டியக்காரனின் (நீங்கள் கோமாளி மாதிரி என்றவரின்) பேச்சும் முதல் வேடத்தின் வருகையும் மட்டுமே கண்ணில் படும். கதையின் கனமான பகுதி விடியற்காலை இரண்டரைக்கும் ஐந்துக்கும் நடுவில் இருக்கிறது. ஆடுகிறவர்கள் மூச்சையும் தொண்டையையும் அந்த நேரத்துக்கென்று சேமித்து வைத்துத்தான் முன்னிரவை ஓட்டுவார்கள். ஆகவே உங்கள் கேள்வியில் பாதி, நேரத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதுதான். மறுபாதி கற்றுக்கொள்வதைப் பற்றியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பருவம். உங்கள் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்கள் பங்குனியில் தொடங்கி ஆடி வரை, அதாவது மார்ச் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை, ஊர் மாற்றி ஊர் நடக்கும். கொடியேற்றி, காப்புக் கட்டி, பத்து நாளிலிருந்து இருபது நாள் வரை நீளும். பகலில் பாரதப் பிரசங்கம். வில்லிபாரதத்தை வைத்துக்கொண்டு பிரசங்கியார் பாட்டும் பொழிப்புமாகக் கதை சொல்வார். விழாவின் பிற்பாதியில் இரவுதோறும் கூத்து. கடைசி நாள் காலை படுகளம் (துரியோதனன் வீழும் கட்டம்), மாலை தீமிதி. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழைக்காலம். ஆட்டம் அநேகமாக இருக்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பங்குனி முதல் ஆடி வரை பார்ப்பதற்கு, மழைக்காலம் கற்பதற்கு. ஆட்டக் காலத்தில் போய் "என் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்டால், இரவு முழுக்க ஆடிவிட்டுக் காலையில் அடுத்த ஊருக்கு வேனில் ஏறும் கூத்து வாத்தியார் என்ன பதில் சொல்வார்?

விழா எங்கே என்று தெரிந்துகொள்ள இணையத்தில் தேடிப் பயனில்லை. செய்யாறு, வந்தவாசி, ஆரணி, காஞ்சிபுரம் பேருந்து நிலையங்களைச் சுற்றியுள்ள சுவர்களிலும் டீக்கடைகளிலும் மஞ்சள், ரோஸ் நிற நோட்டீஸ்கள் ஒட்டியிருக்கும். அவற்றைப் படிப்பதில் இரண்டு இடத்தில் தடுக்கும். ஒன்று, இங்கே பலர் கூத்தை "நாடகம்" என்றே சொல்வார்கள். குழுவின் பெயரும் "நாடக மன்றம்", "நாடக சபா" என்றுதான் இருக்கும். அதே சொல் சீன் கட்டி நடிக்கும் மேடை நாடகத்துக்கும் உண்டு. கோயில் பொறுப்பாளரிடம் "கட்டை (மரத்தில் செய்த கிரீடமும் தோளணியும்) கட்டி ஆடுகிற கூத்துதானே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் குழப்பம் தீர்ந்தது. இன்னொன்று தேதி. "22ஆம் தேதி இரவு" என்று போட்டிருந்தால் கூத்து முடிவது 23ஆம் தேதி காலையில். படுகளத்தை மட்டும் பகல் தேதியாகப் போடுவார்கள். இரண்டையும் கலந்துகொண்டு ஒருநாள் தள்ளிப் போய் வெறும் பந்தலைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் உண்டு. போன் செய்யும்போதே போலீஸ் அனுமதி வாங்கியாகிவிட்டதா என்றும் கேளுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டக் கட்டுப்பாடு இருக்கிறது. தேர்தல் அறிவிப்பு வந்துவிட்ட காலத்தில் கெடுபிடி அதிகம். ஆட்டத்தைச் சுருக்கிவிடவும் கூடும்.

எந்த இரவுக்குப் போவது? நோட்டீஸில் வரிசையாக இருக்கும்: வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், பகடைத் துகில், அர்ச்சுனன் தபசு, கீசக வதம், கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு கூடும், குறையும். கூவாகம் கேள்விப்பட்டிருப்பீர்கள், அங்கே சித்திரை முழுநிலவில் கொண்டாடுவது அரவான் கதையை. அதுவே இங்கே "அரவான் களபலி" என்று ஒரு இரவுக் கூத்தாகும்.

பிள்ளையோடு போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அர்ச்சுனன் தபசு. பல ஊர்களில் மரம் ஏறுவது பகல் வெளிச்சத்திலேயே நடக்கும். நெட்டுக்குத்தாக நட்ட உயரமான கம்பத்தில், படிபடியாக, ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு என்று பாடிக்கொண்டே அர்ச்சுன வேடக்காரர் ஏறுவார். உச்சியில் இருந்து எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் எறிவார். பிள்ளை வரம் வேண்டி வந்த பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். அவர்களுக்கு அது வேண்டுதல். கம்பத்தின் அடியில் இடம் அவர்களுடையது. நீங்கள் இருபதடி தள்ளி நின்றாலும் நன்றாகத் தெரியும்.

அடுத்தது கர்ண மோட்சம். முழு இரவு உட்கார்வதென்றால் இதற்கு உட்காருங்கள். பிறப்பைச் சொல்லிக் கணவன் கர்ணனை ஒதுக்கி வைத்த பொன்னுருவி, அவன் போருக்குக் கிளம்புகிற இரவில் அவனைத் தடுத்து நிற்கும் கட்டம் இதில்தான் வருகிறது. ஒரே பாட்டை மாற்றி மாற்றி இருவரும் பாடுவார்கள். மகாபாரதம் தெரியாதவருக்கும் புருஷன் பெண்டாட்டி வழக்கு விளங்கும். ஒரு எச்சரிக்கை: இதே கர்ண மோட்சத்தை ஒருவர் இறந்த பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின இரவில் வைப்பதும் இந்தப் பக்கத்து வழக்கம். விழாக் காலத்துக்கு வெளியே, ஒரு வீட்டு வாசலில், கர்ண மோட்சம் நடக்கிறது என்று காதில் விழுந்தால் அது துக்க வீடாக இருக்கலாம். போகலாம், விரட்ட மாட்டார்கள். ஆனால் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு ஓரமாக உட்கார வேண்டும். போன் கேமராவைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள்.

பகடைத் துகிலை, அதாவது திரௌபதியின் துகிலுரியும் இரவை, முதல் தடவைக்கு வேண்டாம் என்பேன். துச்சாதன வேடம் போட்டவர் சேலையைத் தொடுமுன் திரௌபதி வேடத்துக்குக் கற்பூரம் காட்டி மன்னிப்புக் கேட்பது போல் கும்பிடுவார். அதற்குப் பிறகும் ஆடுகிறவருக்கோ பார்க்கிறவருக்கோ அருள் வந்துவிடுவது சகஜம். முன்பின் பார்க்காத குழந்தை மிரண்டுபோகும். அப்படி வந்தால் எழுந்து ஓடவோ தூக்கிப் பிடிக்கவோ வேண்டாம். பிள்ளையை அணைத்துக்கொண்டு நாலடி பின்வாங்குங்கள்; தண்ணீரும் விபூதியும் கொடுத்துத் தெளிவிக்க ஊர்ப் பெண்களுக்குத் தெரியும்.

படுகளம் காலையில். களத்தில் துரியோதனனை மண்ணால் மல்லாந்து படுத்திருப்பவனாகச் செய்திருப்பார்கள். 30 அடியும் அதற்கு மேலும் நீளும். பீமனும் துரியோதனனும் அந்த உருவத்தைச் சுற்றியும் மேலேயும் ஓடிச் சண்டையிடுவார்கள், தொடையில் அடி விழும், திரௌபதி கூந்தல் முடிப்பாள், துரியோதனனுக்காக ஒப்பாரி எழும். குழந்தைக்கு இரவு முழிப்பு ஒத்துவராவிட்டால் படுகளம் ஒன்றையே முதலில் காட்டலாம். எட்டு மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிடும், தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். அன்று மாலைத் தீமிதிக்குப் பிள்ளையை முன்வரிசையில் நிறுத்தாதீர்கள். கூட்டம் நெருக்கித் தள்ளினால் குழிப்பக்கம் சரியும்.

இனி இரவுக்கு வருவோம். அன்று மதியமே எல்லோரும் இரண்டு மணி நேரம் தூங்கிவிடுங்கள். இரவுச் சாப்பாட்டைப் பாதி வயிற்றோடு நிறுத்திக்கொண்டு ஒன்பதரைக்குப் போய்ச் சேருங்கள். ஒரு பாய், இரண்டு போர்வை, தண்ணீர், கொசு மருந்து, வேர்க்கடலை. டார்ச்சைப் பாதைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். கடைசிப் பேருந்து போய்விடும், விடியற்காலைப் பேருந்து ஐந்து மணிக்கு மேல்தான்; எனவே சொந்த வண்டி உத்தமம். திரும்பி ஓட்டப் போகிறவர் மட்டும் பதினொன்றரையிலிருந்து ஒன்றரை வரை பாயில் சாயட்டும். ராத்திரி பூரா விழித்துவிட்டு ஆறு மணிக்கு பைக் ஓட்டுவதைப்போல ஆபத்தானது வேறில்லை. மகளையும் அந்த நேரத்தில் தூங்க வையுங்கள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான். சண்டைக் கட்டம் வரும்போது அம்மா தட்டி எழுப்புவாள்.

எங்கே உட்காருவது என்பதில்தான் உங்கள் காது வலிக்கு மருந்து இருக்கிறது. ஆடுகளத்துக்குப் பின்னால் பெஞ்சில் ஆர்மோனியம், அதாவது பெட்டி, மிருதங்கம், டோலக், முகவீணை (ஊதும் சிறு குழல்), தாளம் என்று வாத்தியக்காரர்களும் பின்பாட்டுக்காரர்களும் இருப்பார்கள். மற்ற மூன்று பக்கமும் ஜனம். மைக் களத்துக்கு நடுவில் மேலேயிருந்து தொங்கும். ஸ்பீக்கர் பெட்டிகள் முன்பக்க இரண்டு மூலையில். தாமதமாக வருகிறவர்களுக்கு மிஞ்சுவது அந்த மூலைகள்தான், நீங்களும் அங்கேதான் மாட்டிக்கொண்டிருப்பீர்கள். முன்கூட்டியே போய்ப் பக்கவாட்டில், பெஞ்சுக்குப் பக்கமாக, களத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளிப் பாயைப் போடுங்கள். அங்கே பாடுகிறவரின் நேரடிக் குரலும் முகவீணையும் கேட்கும். ஸ்பீக்கர் வழியாக வரும்போது முகவீணை வெறும் கிறீச்சல் ஆகிவிடும்; பக்கத்திலிருந்து கேட்டால்தான் அது ஆடுகிறவரின் தொண்டையைத் தொடர்ந்து இழைந்து வருவது தெரியும். பல ஊர்களில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், போனவுடன் கவனித்துக்கொள்ளுங்கள்.

பாட்டு விளங்கவில்லை என்றீர்கள். முழுப் பாட்டும் முதல் கேட்பில் யாருக்கும் விளங்காது. கூத்தின் கட்டுமானமே அதற்குத் தக்கபடிதான் இருக்கிறது. வேடக்காரர் முதலில் விருத்தமாகப் பாடுவார், ராகத்தை இழுத்து, தாளமில்லாமல். அடுத்து அதே சங்கதியைத் தருவாகத் தாளத்தோடு ஆடிப் பாடுவார். பின்பாட்டுக்காரர்கள் கடைசி அடியை வாங்கித் திருப்புவார்கள். பிறகு வசனம்: "ஆகையினாலே, கேளடா கட்டியக்காரா..." என்று பாட்டின் பொருளைப் பேச்சில் சொல்வார். கடைசியில் கட்டியக்காரன் அதையே ஊர்ப் பேச்சில், கேலியாக, மறுபடி கேட்பான். ஒரே செய்தி நாலு தடவை உங்கள் முன்னால் வருகிறது. விருத்தத்தில் வார்த்தையைப் பிடிக்க முயன்று தலையைப் பிய்த்துக்கொள்ளாமல், அதில் குரலை மட்டும் கேளுங்கள். பொருளை வசனத்தில் வாங்கிக்கொள்ளலாம். போகுமுன் அன்றைய கதையை, அந்த ஒரு பகுதியை மட்டும், வீட்டில் மகளுக்குச் சொல்லிவிடுங்கள். அதே விழாவின் மதியப் பிரசங்கத்துக்குப் போய் உட்கார்ந்தால் இன்னும் நல்லது. கூட்டம் குறைவு, நிழல் இருக்கும், பிரசங்கியார் நிதானமாகச் சொல்வார், சந்தேகம் கேட்கலாம்.

அந்தக் கட்டியக்காரனை அலுப்போடு எழுதியிருக்கிறீர்கள். அவர் சும்மா நேரம் கடத்தவில்லை. கதையையும் இடத்தையும் அறிவிக்கிறார், அரசனுக்கு வாயிற்காவலன், அரசிக்குத் தோழி, பார்க்கிறவர்கள் சார்பில் கேள்வி கேட்பவர், எல்லாம் அவர்தான். பின்னால் கட்டை வேடக்காரர்கள் ஒப்பனையை முடிக்க வேண்டிய அவகாசமும் அவர் கையில். முகத்துக்கு வண்ணம், உடுப்பு, கட்டை எல்லாமாக ஒன்றரை, இரண்டு மணி நேரம் பிடிக்கும். இரட்டை அர்த்தப் பேச்சு சில ஜமாக்களில், அதாவது கூத்துக் குழுக்களில், எல்லை மீறுவது உண்மைதான். அதைச் சகிக்க முடியவில்லை என்றால் எழுந்து ஒப்பனைக் கொட்டகைப் பக்கம் போங்கள். வாத்தியாரிடம் அனுமதி கேட்டு, செருப்பை வெளியே விட்டு, ஓரமாக உட்கார்ந்தால் மகளுக்கு அது ஒரு முழுப் பாடம். கல்யாண முருங்கை போன்ற லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வண்ணத் தாளும் ஒட்டிய கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம். இவற்றைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதைப் பாருங்கள். முடிச்சு தளர்ந்தால் சுற்றும்போது புஜக்கட்டை முகத்தில் இடிக்கும்; அதிகம் இறுகினால் விடியுமுன் தோள் மரத்துவிடும். கட்டிய கட்டையைத் தொடக் கூடாது. பூசை செய்து எடுத்தது.

திரைப் பிரவேசத்தைத்தான் உங்கள் மகள் துண்டோடு செய்துபார்க்கிறாள், சரியான இடத்தில்தான் அவளுக்குப் பிடி கிடைத்திருக்கிறது. அடுத்த முறை இதைக் கவனிக்கச் சொல்லுங்கள். இரண்டு பேர் திரையை இரு முனையில் பிடித்து வருவார்கள். முதலில் சலங்கை மட்டும் கேட்கும். பிறகு திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி, கீழே பாதம். உள்ளேயிருந்தே விருத்தம். "வந்தேனே" என்று தன் பெயரையும் பெருமையையும் தானே அறிவிப்பார். தரு வேகமெடுக்கும்போது திரை ஆடும், அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டே உள்ளுக்குள் அடவு (ஆட்டக் காலடி) போடுவார். பாட்டின் முடிவில் திரை சட்டென்று விலகும், வேடம் களத்தைச் சுற்றிக் கிறுகிறுவென்று சுழன்று வந்து நிற்கும். இதைத்தான் கிர்க்கி என்பார்கள். சுழலும்போது எந்தக் கால் ஊன்றுகிறது, எந்தக் கால் தள்ளுகிறது, தலை எப்போது திரும்புகிறது என்று பார்க்கட்டும். கட்டை கட்டிய பிறகு கழுத்து தனியாகத் திரும்பாது; தோளோடு சேர்ந்துதான் திரும்பும். துண்டோடு ஆடுகிற பிள்ளைகள் தவறுவது இங்கேதான், தலையைத் தனியாகச் சுழற்றித் தலைசுற்றி விழுவார்கள்.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கூத்துக்கு டிக்கெட் கிடையாது. ஊர்ப் பணத்தில் நடக்கிறது. பிடித்த கட்டத்தில் வேடக்காரருக்கு அன்பளிப்புக் கொடுக்கலாம். ஆடிக்கொண்டிருக்கும்போது குறுக்கே போகாதீர்கள். பாட்டு முடிந்த இடைவெளியில் பெட்டிக்காரரிடமோ கட்டியக்காரரிடமோ கொடுத்துப் பெயரைச் சொன்னால் மைக்கில் அறிவிப்பார்கள். 50, 100 போதும். அறிவிப்பு வேண்டாம் என்றால் அதையும் சொல்லிவிடலாம். வீடியோ எடுப்பதென்றால் வாத்தியாரைக் கேளுங்கள், பிளாஷ் வேண்டவே வேண்டாம். அரை இருட்டில் சுழல்கிறவருக்குக் கண் கூசினால் கால் பிசகும்.

இனிக் கற்றுக்கொள்வது. பெண் பிள்ளைக்குச் சொல்லித்தருவார்களா? பரம்பரையாக ஆண்களே பெண் வேடமும் கட்டி வந்த கலை இது. இன்றும் கிராமத்து ஜமாக்களில் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் கதவு மூடிக்கிடக்கவில்லை. காஞ்சிபுரத்தில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ருய்னும் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் நடத்திய குருகுலத்தில் பையன்களோடு பெண் பிள்ளைகளுக்கும் பள்ளிப் படிப்பும் கூத்துமாகச் சேர்த்துக் கற்பித்தது. அங்கே பயின்ற பெண்கள் துரியோதனனும் கட்டியக்காரனும் கட்டி ஆடியிருக்கிறார்கள். குருகுலம் 2020இல் மூடப்பட்டது. பழைய செய்தியைப் படித்துவிட்டுச் சேர்க்கைக்கு அலைய வேண்டாம். அங்கிருந்து வெளிவந்தவர்கள் இந்த மாவட்டங்களில் இருக்கிறார்கள், அவர்களிடம் தனியாகக் கேட்கலாம்.

உங்கள் வட்டாரத்திலேயே புரிசை என்ற ஊர் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடும் தம்பிரான் குடும்பத்தின் துரைசாமி கண்ணப்பத் தம்பிரான் பரம்பரைத் தெருக்கூத்து மன்றம் அங்கே இயங்குகிறது. வெளியூர் நாடகக்காரர்களும் மாணவர்களும் வந்து பயிற்சி எடுத்துப் போகிற இடம், ஆகவே "வெளியூர்க்காரி" என்ற தயக்கம் அங்கே எடுபடாது. 2003இல் மறைந்த கண்ணப்பத் தம்பிரான் நினைவாக ஊரிலேயே ஆண்டு விழா எடுக்கிறார்கள். பெரிய கூட்டத்தோடு, பல ஊர்க் குழுக்களின் ஆட்டத்தை ஒரே இடத்தில் பார்க்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே ஆடுவது ஒரு பாணி, காஞ்சிபுரம் பக்கம் வேறு சாயல், தருமபுரி சேலம் பக்கம் முற்றிலும் வேறு. முதல் இரண்டு வருடத்துக்கு ஒரே ஆசிரியரிடம் நில்லுங்கள். யூடியூப் பார்த்து இங்கொரு அடவு அங்கொரு அடவாகச் சேர்த்தால் கால் எந்தப் பாணிக்கும் உட்காராது.

வாரக்கடைசியில் மட்டும் நேரம் என்றால் கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தை விசாரியுங்கள். 5 முதல் 16 வயது வரை சேர்க்கிறார்கள், கட்டணம் மிகக் குறைவு. எல்லா மையத்திலும் கூத்து இருக்காது. கரகம், ஒயில், பாட்டு, ஓவியம் என்று ஆசிரியர் அமைவதைப் பொறுத்து மாறும். கூத்து இல்லாவிட்டாலும் ஒரு வருடம் தாளமும் கிராமிய ஆட்டமும் பழகினால் அது வீண் போகாது.

ஆசிரியர் கிடைக்கும்வரை வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவு. தாளத்தை முதலில் கையில் கொண்டுவாருங்கள். ஒரு பாட்டைப் பதிவு செய்துகொண்டு, வார்த்தையை விட்டுவிட்டு, தாளக்காரர் தட்டுவதை மட்டும் தொடையில் தட்டப் பழகட்டும். கை பிசகாமல் பத்து நிமிடம் வந்த பிறகு காலுக்கு மாற்றலாம். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி நிற்கும் நிலையில் நின்ற இடத்திலேயே தட்ட வேண்டும். தினம் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மண் தரையில் செய்யட்டும். டைல்ஸிலும் சிமெண்டிலும் குதித்தால் ஒரு மாதத்தில் முன்கால் எலும்பு வலிக்கத் தொடங்கும். வளருகிற பிள்ளைக்கு அது நல்லதில்லை. சலங்கை வாங்கித் தர அவசரப்படாதீர்கள். தட்டு பிசகினாலும் சலங்கை சத்தம் அதை மூடிவிடும், பிள்ளைக்குச் சரியாக ஆடுவதாகவே தோன்றும். வெறுங்காலில் தட்டு தெளிவாகக் கேட்ட பிறகு ஆசிரியரே கட்டச் சொல்வார். கட்டை ஆசைக்கு, கெட்டி அட்டையில் கிரீடமும் புஜக்கட்டையும் வெட்டி ஜிகினாத் தாள் ஒட்டிக் கொடுங்கள். தோளில் அதைக் கட்டிக்கொண்டு சுழன்றால், மேலே சொன்ன தோளும் தலையும் சேர்ந்து திரும்பும் வித்தை தானாகவே வரும்.

உங்களுக்கு ஆட்டத்தைவிடப் பின்பாட்டு பொருந்தும் என்று தோன்றுகிறது. பள்ளியில் பாடியவர் என்கிறீர்கள். முதல் நாளே பெட்டிக்காரரிடம் உங்கள் குரலுக்கான சுருதி (அதையும் கட்டை என்பார்கள்) எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜமாவின் பெட்டி ஆடுகிற ஆண்களின் உச்சக் குரலுக்கு வைத்திருக்கும். அதற்கு எட்டிப் பிடிக்கத் தொண்டையிலிருந்து கத்தினால் இரண்டு வாரத்தில் குரல் கட்டிவிடும். அடிவயிற்றிலிருந்து மூச்செடுத்து, கடைசி அடியை மட்டும் வாங்கித் திருப்பிப் பாடிப் பழகுங்கள். முழுப் பாட்டும் தானாக ஏறும். பாட்டை அச்சுப் புத்தகத்தில் தேட வேண்டாம். அச்சில் இருப்பதற்கும் வாத்தியாரின் கையெழுத்து நோட்டில் இருப்பதற்கும் அடிக்கு அடி வித்தியாசம் வரும். மழைக்காலத்தில் அந்த நோட்டுகளைத் தெளிவாகப் படியெடுத்துக் கொடுக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பல வாத்தியார்களின் நோட்டு எண்ணெய்க் கறையும் கரையான் அரிப்புமாக இருக்கிறது. உங்களுக்குப் பாடம் ஏறும், அவர்களுக்கு ஒரு பிரதி கிடைக்கும். ஆனால் அவர் சொல்லாமல் அதை இணையத்தில் போட்டுவிடாதீர்கள். அது அவர் குடும்பச் சொத்து.

குடியிருப்பு வளாகத்துக்கே ஒரு ஜமாவை அழைத்து "ஒரு மணி நேரம் போடுங்கள்" என்று சொல்லும் யோசனை உங்களுக்கோ அண்டை வீட்டாருக்கோ வரலாம். அதற்கு நான் ஆதரவில்லை. ஒரு மணி நேரத்துக்காகப் பத்துப் பதினைந்து பேர் இரண்டு மணி நேரம் ஒப்பனை செய்து, உயர்ந்த மேடையில் டியூப் லைட் வெளிச்சத்தில் ஒரு திரைப் பிரவேசமும் ஒரு சண்டையும் காட்டிவிட்டுப் போவார்கள். பார்ப்பவர்களுக்கு நீங்கள் சித்திரையில் பார்த்ததைவிடவும் குறைவாகவே கிடைக்கும். அழைத்தே ஆக வேண்டுமென்றால் குறைந்தது மூன்று மணி நேரம், தரையோடு தரையாக 20 அடிக்கு 20 அடி மண் களம், மூன்று பக்கமும் பாய், ஒப்பனைக்குத் தண்ணீர் வசதியுள்ள ஒரு அறை, முகத்தை அழிக்கத் தேங்காய் எண்ணெய், ஆட்டத்துக்கு முன் டீயும் பின் சாப்பாடும். வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுத்தால்தான் தேதி உறுதி. பேசிய தொகையில் கடைசி நேரத்தில் குறைக்காதீர்கள். வேன் வாடகையைத் தனியாகக் கணக்கிடுங்கள்.

வாத்தியாருக்கு எப்போது போன் செய்வது? ஆட்டக் காலத்தில் காலை வேளையில் அழைத்தால் எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் தூக்கக் கலக்கத்தில் "பார்க்கலாம்" என்பார்கள். மாலை நாலு மணிக்கு மேல், ஒப்பனைக்கு உட்காருமுன் அழையுங்கள். அதைவிட, ஒரு கர்ண மோட்சம் முடிந்து விடிந்ததும், அவர்கள் கட்டையைப் பெட்டியில் அடுக்கி முடிக்கும்வரை காத்திருந்து நேரில் பேசுங்கள். இரவு முழுக்க உட்கார்ந்திருந்த முகத்தை அவர்கள் களத்திலிருந்தே பார்த்திருப்பார்கள். ஐப்பசியில் எந்த நாள் வரலாம் என்று கேட்டுத் தேதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.